உள்ளே தொண்ணூறு பேர், வெளியே எத்தனை பேர்?

கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்) ஆர்வலர் குழு ஒன்று 2021 ஜனவரியில் நடத்திய இரண்டு நாள் இணையவழி மாநாட்டைப் பற்றிய பதிவு இது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். குழுவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நடந்தவற்றில் பெரும்பாலானவை எங்கள் தவறுகள்தான். மாநாடு முடிந்த வாரம் எழுதிவைத்த குறிப்புகளையும் சர்வர் பதிவேடுகளையும் வைத்து எழுதுகிறேன்.

பின்னணி

எங்கள் குழுவில் அப்போது ஓடியாடி வேலை பார்த்தவர்கள் பதினொரு பேர். மென்பொருள்களைத் தமிழாக்குவது, எழுத்துரு வேலை, கொஞ்சம் நிரல் எழுதுவது என்று ஆளுக்கொரு பக்கம். மாதம் ஒருமுறை ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் கூடுவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அது நின்றது. ஏப்ரலிலிருந்து ஜிட்சி என்ற கட்டற்ற காணொளிக் கூட்ட மென்பொருளில் கூடினோம். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். ஒரு தடங்கலும் இருக்காது. அந்தத் தடங்கலில்லாத சின்னக் கூட்டங்கள்தான் எங்களுக்குத் தேவைக்கு மேல் தைரியம் கொடுத்தன என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஆண்டு பெரிய மாநாடுகளும் இணையத்துக்கு மாறியிருந்தன. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடக்கவிருந்த டெப்கான்ஃப், அதாவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளக் குழுவின் மாநாடு, ஆகஸ்டில் முழுக்க இணையவழியில் நடந்தது. லினக்ஸின் திரைச் சூழல்களை உருவாக்கும் க்னோம் குழுவின் குவாடெக், கேடிஇ குழுவின் அகாடமி, லினக்ஸின் கருவான கெர்னலை எழுதும் ஆட்கள் கூடும் பிளம்பர்ஸ் மாநாடு மூன்றும் பிக்புளூபட்டன் என்ற இணையவழி வகுப்பு மென்பொருளில் நடந்தன. செப்டம்பர் கூட்டத்தில் ஒருவர், ‘நாமும் ஒரு மாநாடு போடலாமே, தமிழிலேயே’ என்றார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி சனி, ஞாயிறு என்று அன்றைக்கே நாள் குறித்துவிட்டோம்.

எதில் நடத்துவது

கட்டற்ற மென்பொருளைப் பற்றிய மாநாட்டை மூடிய மென்பொருளில் நடத்தக் கூடாது என்பதில் பேச்சே எழவில்லை. ஜிட்சியா, பிக்புளூபட்டனா என்பதுதான் கேள்வி. பிக்புளூபட்டன் முதலில் வகுப்பறைக்காகக் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஸ்லைடுகள், வெள்ளைப்பலகை, பொதுக் குறிப்பேடு, கருத்துக்கணிப்பு, ஒலிப்பதிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அதையே எடுத்தோம்.

அப்போது கையில் இருந்தது 2.2 பதிப்பு. அது உபுண்டு 16.04 என்ற லினக்ஸ் பதிப்பில்தான் ஓடும். எட்டு கோர் (செயலியின் தனித்தனி இயக்கப் பகுதிகள்), 32 ஜிபி நினைவகம் கொண்ட சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஒரு அறைக்கு 100 பேருக்கு மேல் வேண்டாம் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருந்தது. பதிவு செய்தவர்கள் 200க்கு மேல். ‘பதிவு செய்கிறவர்களில் பாதிப்பேர்தான் வருவார்கள்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். கணக்கு என்னவோ சரியாகத்தான் போனது. ஆனால் பாதிப்பேர் ஒரே நிமிடத்தில் வருவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அலைவரிசைக் கணக்கு மட்டும் ஒழுங்காகப் போட்டோம். ஒரு வெப்கேம் சராசரித் தரத்தில் நொடிக்கு 200 கிலோபிட் எடுக்கும். பத்துப் பேர் முகம் காட்டினால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் 2 மெகாபிட். மணிக்கு 900 எம்பி. நம்மூரில் அப்போது பலரும் போட்ட ரீசார்ஜ் நாளுக்கு ஒன்றரை ஜிபி, அது இரண்டு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. பேசுபவர் முகம் மட்டும் தெரிந்தால் ஒலியோடு சேர்த்து மணிக்கு 110 எம்பிக்குள் அடங்கும். அதனால் பார்வையாளர்களின் கேமராவைப் பூட்டிவைப்பது என்று முடிவெடுத்தோம். இந்த ஒரு முடிவை இன்றைக்கும் மாற்ற மாட்டேன்.

நேரமும் உரைகளும்

பதினைந்து உரைகளைத் தேர்ந்தெடுத்தோம். பேச வருபவர்கள் தமிழ்நாடு, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், பிரான்ஸ், கனடா என்று சிதறியிருந்தார்கள். இந்திய நேரம் மாலை 3.30 முதல் இரவு 8.30 வரை என்று வைத்தோம். 3.30 என்றால் சிங்கப்பூரில் மாலை 6 மணி, பாரிசில் காலை 11, டொரண்டோவில் விடிகாலை 5. ஆகவே கனடாக்காரர்களைக் கடைசி இடங்களில் போட்டோம். அப்படியும் ஒருவர் நம் நேரத்துக்கும் தன் நேரத்துக்கும் பத்து மணி நேர வித்தியாசம் என்று கணக்கிட்டு அரைமணி தாமதமாக வந்தார். உண்மையில் ஜனவரியில் பத்தரை. அந்த அரைமணி எப்போதும் யாரையாவது கவிழ்க்கும்.

உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து வாங்குவதா, நேரலையில் பேசவைப்பதா என்று இரண்டு கூட்டம் பேசினோம். டெப்கான்ஃபில் பலர் பதிவு செய்த உரையை ஓடவிட்டுக் கேள்விக்கு மட்டும் நேரில் வந்திருந்தார்கள். அது பாதுகாப்பானது. ஆனால் எங்கள் பேச்சாளர்களில் நான்கு பேர் கல்லூரி மாணவர்கள். இரண்டு பேரிடம் கைப்பேசியைத் தவிர வேறு எதுவும் இல்லை. பதிவு கட்டாயம் என்றால் அவர்கள் விலகிவிடுவார்களோ என்று பயந்தோம். ‘முடிந்தவர்கள் அனுப்புங்கள்’ என்று கேட்டதில் ஒன்பது பேர் அனுப்பினார்கள்.

ஒத்திகை வாரம்

ஒத்திகையில் இரண்டு பிரச்சினைகளைப் பிடித்தோம். முதலாவது எழுத்துரு. யாழ்ப்பாணப் பேச்சாளர் ஒருவரின் ஸ்லைடு பாமினி எழுத்துருவில் இருந்தது. அவர் கணினியில் அழகான தமிழ். எங்கள் சர்வரில் ஏற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. பாமினி, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய முறை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோடில் செய்த ஸ்லைடுகளும் தப்பவில்லை. ஏற்றுகிற கோப்பை சர்வர் தன்னிடம் இருக்கும் லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைக் கொண்டு மாற்றுகிறது. அதில் தமிழ் எழுத்துரு நிறுவப்படாததால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் மென்பொருள் மாநாட்டு சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை! சிரித்துவிட்டு நிறுவினோம். எல்லாரும் அவரவர் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம்.

இரண்டாவது, சிலருக்கு ஒலி இணையவில்லை. அலுவலக இணையத்தில் இருந்தவர்கள் அவர்கள். அங்கே தடுக்கப்பட்ட ஒலி இணைப்பைச் சுற்றி அனுப்பும் டர்ன் சர்வர் ஒன்றை, இணையப் பக்கங்கள் வழக்கமாக வரும் 443ஆம் போர்ட்டில் வைத்ததும் சரியானது.

அப்புறம் சுமைச் சோதனை. பிளம்பர்ஸ் குழு மாநாட்டுக்கு முன்பே டவுன்ஹால் கூட்டங்கள் நடத்தி, உண்மையான ஆட்களை அறைக்குள் வரவைத்துச் சோதித்தது. எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு எட்டு டேப் திறந்தோம். கிட்டத்தட்ட ஐம்பது ‘பேர்’ உள்ளே. சர்வர் அசையவில்லை. ‘அருமை’ என்று முடித்துக்கொண்டோம். திறந்துவைத்த டேப் சும்மா உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் சும்மா உட்கார மாட்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் நாள், 3.30 முதல் 4.10 வரை

3.25க்கு அறையில் அறுபது பேர். 3.35க்குத் தொண்ணூறை நெருங்கியது. தொகுத்து வழங்கியவர் எங்கள் குழுவிலேயே கலகலப்பானவர். வணக்கம் சொல்லிவிட்டு, யாரும் எதிர்பாராமல், ‘எல்லாரும் வெள்ளைப்பலகையில் உங்க ஊர் பேரை எழுதுங்க பாப்போம்’ என்றார். பலகையைப் பலரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்.

பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. திருச்சி, மானிப்பாய், ஈப்போ, நாகர்கோவில் என்று ஊர்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. யாரோ கோலம் போட்டார்கள். ஒவ்வொருவரின் சுட்டியும் பெயரோடு சேர்ந்து பலகையில் ஈசல் போல ஓடியது. 3.40 சுமாருக்கு எல்லாம் அப்படியே உறைந்தது. கோலம் பாதியில் நின்றது. அரட்டையில் ஒரு வரிகூடப் புதிதாக வரவில்லை. ஆனால் தொகுப்பாளரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார்.

சர்வரைக் கவனித்தவர் வாடகை நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சர்வர் நல்லாத்தான் இருக்கு, முப்பது சதவீதம்தான் போகுது’ என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த முப்பது சதவீதம் எட்டு கோருக்கும் சேர்த்த சராசரி. பிக்புளூபட்டன் 2.2இல் திரையில் தெரியும் எல்லாவற்றையும் ஒரே ஒரு நோட் செயல்முறைதான் (சர்வரில் தனியாக ஓடும் ஒரு நிரல்) கவனித்தது. யார் உள்ளே வருகிறார், யார் என்ன தட்டுகிறார், யார் சுட்டி எங்கே இருக்கிறது எல்லாம் அதன் வழியாகத்தான். அது ஒரு கோருக்கு மேல் பயன்படுத்தாது. அந்த ஒரு கோர் முழுதாக முட்டிக்கொண்டாலும் மொத்தக் கணக்கில் பன்னிரண்டரை சதவீதம்தான் காட்டும். ஒலியை ஃப்ரீஸ்விட்ச் என்ற வேறொரு மென்பொருள் தனியாகப் பார்த்துக்கொண்டதால் அது தப்பியது. தொண்ணூறு பேரில் ஒவ்வொருவரின் சுட்டி அசைவையும் மீதி எண்பத்தொன்பது பேருக்கும் சொல்லியாக வேண்டும். ஆளுக்கு ஒரு அசைவு என்றாலே எட்டாயிரம் செய்தி. அதில்தான் மூச்சு முட்டியது.

இது ஒரு பக்கம். வெளியே நடந்தது அதைவிட மோசம். புதிதாக வருகிறவரை உள்ளே விடுவதும் அதே செயல்முறையின் வேலை. 3.40க்குப் பிறகு இணைப்பை அழுத்தியவர்களுக்குச் சுழலும் வட்டம் மட்டுமே தெரிந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை. ஏற்பாட்டாளர்களின் உள்பேச்சுக்கும் அதே சர்வரில்தான் ஒரு தனி அறை வைத்திருந்தோம், அதுவும் உறைந்துவிட்டது. உதவிக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தோம், மாநாடு தொடங்கியபின் அதை யாரும் திறக்கவில்லை. 3.47க்கு எங்கள் தன்னார்வலர் ஒருவரின் கைப்பேசிக்குத் திருச்சியிலிருந்து அவர் தங்கை அழைத்தார். ‘அக்கா, உள்ளயே போக முடியல. அரைமணியா சுத்திக்கிட்டே இருக்கு.’ அரைமணி என்பது கொஞ்சம் மிகை. ஆனாலும் வெளியே ஆள் நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது அந்த அழைப்பில்தான்.

மூன்று வழிகள் இருந்தன. சர்வர் சேவைகளை மறுதொடக்கம் செய்தால் தொண்ணூறு பேரும் வெளியே விழுவார்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்ப முட்டுவார்கள். ஒருவர் அதற்குள் ஒரு வணிகச் சேவையில் கூட்ட இணைப்பு தயாராக வைத்திருந்தார். எல்லாரையும் அங்கே மாற்றிவிடலாம் என்றார். மூன்றாவது, பலகையை மூடுவது. அதைத்தான் தொகுப்பாளர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். பொத்தானை அழுத்துகிறார், அழுத்துகிறார், எதுவும் நடக்கவில்லை. அவருடைய அந்த ஒரு சொடுக்கும் ஆயிரக்கணக்கான சுட்டி அசைவுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

குழுவில் அமைதியான ஒருவர், நெட்வொர்க் வேலை பார்ப்பவர், தொகுப்பாளரைக் கைப்பேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். தொகுப்பாளர் அதை அப்படியே அறையில் சொன்னார்: ‘எல்லாரும் மவுஸ்ல இருந்து கையை எடுத்துடுங்க. ஒரு நிமிஷம் யாரும் எதையும் தொடாதீங்க.’ ஒலி போய்ச் சேர்ந்துகொண்டுதானே இருந்தது. தொண்ணூறு பேரும் கையை எடுத்தார்கள். ஐம்பது நொடி இருக்கும். பாதியில் நின்ற கோலம் சரசரவென்று முடிந்தது, அரட்டையில் தேங்கியிருந்த வரிகள் கொட்டின, பலகை மூடிக்கொண்டது. வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

முதல் உரை 3.45க்குப் பதில் 4.10க்குத் தொடங்கியது.

வெளியே நின்றவர்கள் எத்தனை பேர்? இரவு சர்வர் பதிவேட்டைப் பார்த்தோம். அந்த நேரத்தில் நுழைவுப் பக்கம் வரை வந்து, அறைக்குள் நுழையாமலே போன முகவரிகள் நாற்பதுக்கு மேல். கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதால் ஆட்கள் அதைவிட அதிகமாகவே இருப்பார்கள். அவர்களில் பலர் அன்று திரும்பவே இல்லை.

மின்தடையும் மற்றவையும்

இரண்டாம் பேச்சாளர் டெல்டா பகுதியில் ஒரு சிற்றூர்க்காரர். அன்று அவர் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. நாளிதழில் அறிவிப்பு வந்திருந்தது, அவரும் பார்த்திருந்தார். ‘எப்பவும் ரெண்டு மணிக்கெல்லாம் வந்துரும்ணே’ என்றார். அன்றைக்கு வரவில்லை. அவர் முன்பே அனுப்பிய பதிவை ஓடவிட்டோம், கேள்விகளுக்குக் கைப்பேசியில் வந்து பதில் சொன்னார். பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு அது பதிவு என்றே தெரியாது. கட்டாயம் என்று சொல்லாமல் விட்டது தவறோ என்று அப்போதே உறுத்தியது.

ஐந்தாம் உரையில் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்தோம். பிக்புளூபட்டனில் யாராவது அழுத்தினால்தான் பதிவு வெளியாகும். தொகுப்பாளர் அழுத்துவார் என்று நெறியாளரும், நெறியாளர் அழுத்துவார் என்று தொகுப்பாளரும் இருந்துவிட்டார்கள்.

இரவுக் கூட்டம்

ஒன்பதரைக்குக் கூடினோம், இம்முறை வேறொரு ஜிட்சி சர்வரில். தொடங்கும் முன்பே வேறொரு விஷயம் வந்தது. அன்று பேசிய பெண் ஒருவர், தன் உரையின் நடுவே ஒரு பார்வையாளர் தனி அரட்டையில் கைப்பேசி எண் கேட்டுத் தொடர்ந்து தொல்லை கொடுத்ததாக எங்கள் தன்னார்வலர் ஒருவரிடம் சொல்லியிருந்தார். தனி அரட்டை நெறியாளர் கண்ணுக்குத் தெரியாது. உரையை நிறுத்த மனமில்லாமல் அந்தப் பெட்டியை ஒவ்வொரு முறையும் மூடிவிட்டுப் பேசியிருக்கிறார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று எங்களில் ஒருவர் கேட்டார். ‘யார்கிட்ட சொல்றது?’ என்று அந்தத் தன்னார்வலர் திருப்பிக் கேட்டார். பேச்சாளர்களுக்கு நாங்கள் கொடுத்திருந்தது ஒரு குழு அரட்டை மட்டும். அதில் இருபத்துச் சொச்சம் பேர், ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். நடத்தை விதிகளை எழுதி வைத்திருந்தோம். மீறினால் யாரைக் கூப்பிடுவது என்ற வரி அதில் இல்லை.

தனி அரட்டையை எல்லாருக்கும் பூட்டுவது, அந்த நபரை நீக்கி அவருக்குக் காரணம் எழுதுவது, இரண்டு பெண் தன்னார்வலர்கள் சம்மதித்ததால் அவர்கள் எண்ணைப் பேச்சாளர்களுக்குத் தனித்தனியாக அனுப்புவது என்று பத்து நிமிடத்தில் முடிவானது. எடுத்த முடிவு சரி. ஒரு நாள் முன்பே எடுத்திருக்க வேண்டியது.

அப்புறம்தான் பெரிய சண்டை. மறுநாளை வணிகச் சேவையில் நடத்திவிடலாம் என்று நான்கு பேர். குழுவில் மூத்தவர் சொன்னார்: ‘வர்றவங்களுக்கு மாநாடு வேணும்ப்பா. கொள்கை நம்ம பிரச்சினை, அவங்க தலையில ஏன் கட்டணும்?’ எதிர்ப்பக்கம், ‘நாமளே நம்ம கருவியை நம்பலேன்னா நாளைக்கு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?’ இரண்டிலும் நியாயம் இருந்தது. எனக்கு அன்றைக்கு மூத்தவர் பக்கம்தான் மனசு சாய்ந்தது. இன்னும் பெரிய சர்வர் எடுக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. நெட்வொர்க்காரர் அதை ஒரே வரியில் முடித்தார்: பதினாறு கோர் எடுத்தாலும் முட்டுவது அதே ஒரு கோர்தான்.

அவரே மாற்றையும் சொன்னார். அறைக்குள் பேச்சாளர், நெறியாளர், கேள்வி கேட்பவர் சிலர் என்று இருபது பேர் மட்டும். மற்றவர்களுக்கு நேரலை ஒளிபரப்பு. டெப்கான்ஃபும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தது. பேசுபவர்கள் ஜிட்சியில், பார்ப்பவர்கள் ஒளிபரப்பில். பேசுகிறவரையும் பார்க்கிறவரையும் ஒரே அறையில் அடைக்கத் தேவையில்லை என்ற எளிய விஷயம் இருபது பேர் கூட்டத்திலேயே பழகிய எங்களுக்கு உறைக்காமல் போனது.

இரவு ஒரு மணிக்குள் சின்ன சர்வர் ஒன்றில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை வைத்து ஒளிபரப்பை நிறுவினார்கள். ஒருவர் மடிக்கணினியில் அறைக்குள் நுழைந்து, திரையை ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருள் வழியாக எடுத்து அனுப்புவார். 360பி தரத்தில் ஒரு காட்சி, நொடிக்கு 400 கிலோபிட். மணிக்கு 180 எம்பி ஆகிறதே என்று ஒருவர் முனகினார். அதனால் 48 கிலோபிட்டில் ஒலி மட்டும் போகும் இன்னொரு இணைப்பும் சேர்த்தோம். மணிக்கு 22 எம்பி. ஸ்லைடுகளின் பிடிஎஃப்களை முன்பே இறக்கிக்கொள்ளப் பக்கத்தில் வைத்தோம். கேள்விகளுக்கு மேட்ரிக்ஸ் என்ற அரட்டைச் சேவையில் ஓர் அறை, அதில் சேர முடியாதவர்களுக்கு ஈதர்பேட் என்ற இணையப் பொதுக் குறிப்பேடு ஒன்று.

இரண்டாம் நாள்

ஒளிபரப்பு ஒருமுறைகூட நிற்கவில்லை. முதல் நாளைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். ஒலி மட்டும் போதும் என்று கேட்டவர்கள் நாங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு. ஒருவர் பேருந்தில் போய்க்கொண்டே கேட்டதாக எழுதினார். வவுனியாவிலிருந்து ஒருவர், பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே கேட்டதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

ஆனால் மாநாடு செத்துப்போனது போல ஒரு உணர்வும் இருந்தது. ஒளிபரப்பு இருபது நொடிக்கு மேல் பின்தங்கி வந்தது. பேச்சாளர் நகைச்சுவை சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போன பிறகு மேட்ரிக்சில் சிரிப்பு வரும். ‘கேள்வி இருக்கா?’ என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் மௌனமாகக் காத்திருக்க வேண்டும். முதல் பேச்சாளர் அதைத் தாங்க முடியாமல், ‘சரி, கேள்வி இல்லை போல’ என்று முடித்தார். அவர் கிளம்பிய பிறகு ஏழு கேள்விகள் வந்தன. ‘சுவரைப் பார்த்துப் பேசுற மாதிரி இருந்துச்சு’ என்றார் பிறகு.

நடுவிலேயே இரண்டு திருத்தம் செய்தோம். பேச்சு முடியும் ஐந்து நிமிடம் முன்பே நெறியாளர் கேள்விகளைக் கேட்டு வாங்கத் தொடங்கினார். உரை முடிந்ததும் பேச்சாளர் இன்னொரு அறைக்குப் போவார், விருப்பம் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் அங்கே வரலாம். யாரோ அதற்குத் திண்ணை என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு திண்ணையிலும் பத்துப் பன்னிரண்டு பேர், எழுத்துரு பற்றிய உரைக்கு மட்டும் முப்பது பேர். அந்தத் திண்ணை இரவு பதினொன்றரை வரை ஓடியது. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அவர் ஊரில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வார இறுதியில், பிப்ரவரி 6, 7இல், ஐரோப்பாவின் ஃபாஸ்டெம் மாநாடு முதல்முறையாக இணையவழியில் நடந்தது. உரைகள் எல்லாம் முன்பதிவு, கேள்விக்கு மட்டும் நேரலை, அதன் பின் ஜிட்சி அறை எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. மேட்ரிக்சில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். திறந்துவிடும் அறையைப் பார்த்ததும் எங்கள் குழுவில் ஒருவர், ‘நம்ம திண்ணைய திருடிட்டாங்க’ என்று எழுதினார்.

பின்விளைவு

பதினான்கு உரைகளின் காணொளிகளைப் பீர்டியூப் என்ற கட்டற்ற காணொளித் தளத்தில் ஏற்றினோம். பதிவாகாத உரையை அதன் பேச்சாளர் சலிக்காமல் மறுபடி பேசி அனுப்பினார், அது ஏப்ரலில்தான் சேர்ந்தது. எழுத்துருத் திண்ணையில் இருந்தவர்களில் ஐந்து பேர் இன்றும் எங்களோடு வேலை செய்கிறார்கள். முதல் நாள் வாசலில் நின்றவர்களில் மூவர் மட்டும் திட்டி எழுதினார்கள். மற்றவர்கள் எழுதவே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மென்பொருள் பக்கம் அதே ஆண்டில் பிக்புளூபட்டன் 2.3 வந்தது. ஒற்றை நோட் செயல்முறையைப் பலவாகப் பிரித்துவிட்டார்கள். எங்களுக்கு நேர்ந்தது அதே வடிவில் இனி நேராது. ஆனால் அன்று எங்களைக் கவிழ்த்ததில் மென்பொருளின் பங்கு பாதிதான். உறைந்தது 3.40, எங்களுக்குத் தெரிந்தது 3.47. அந்த ஏழு நிமிடத்துக்கு எந்தப் பதிப்பும் பொறுப்பில்லை.

மாற்றியவை

2022இல் அடுத்த மாநாடு. உரைப் பதிவைக் கட்டாயமாக்கினோம். கைப்பேசி மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு தன்னார்வலர் உடன் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தார். மாணவர்கள் யாரும் விலகவில்லை, நாங்கள் பயந்ததற்குக் காரணமே இல்லை. ஏற்பாட்டாளர் பேச்சு மாநாட்டு சர்வருக்கு வெளியே. புகார் எண் ஒவ்வொரு இடைவேளை ஸ்லைடிலும் திரையில். வெள்ளைப்பலகைக்கு நிரந்தரப் பூட்டு. தொகுப்பாளருக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இவை தவிர ஒரு புதிய பொறுப்பும் உருவாக்கினோம். அதற்கு ‘வெளியாள்’ என்று பெயர். அவருக்கு நெறியாளர் உரிமை கிடையாது, ஏற்பாட்டாளர் குழுவில் இடம் கிடையாது. கையில் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், மொபைல் டேட்டா, பதிவு செய்தவர்களுக்கு வந்த அதே மின்னஞ்சல். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியேறி, அந்த மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பை அழுத்தி மறுபடி உள்ளே வர வேண்டும். வர முடியாவிட்டால் எங்களில் ஒருவருக்கு போன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தொடங்க ஆறு நிமிடம் இருக்கும்போது அவரிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. மின்னஞ்சலில் இணைப்பின் கடைசியில் வாக்கியத்துக்கு வைத்த முற்றுப்புள்ளியும் இணைப்போடு ஒட்டிக்கொண்டு, அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்று வந்தது. எங்கள் எல்லாரிடமும் புத்தகக்குறியாகச் சரியான இணைப்பு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புள்ளியோடு வருகிற முகவரியையும் சரியான பக்கத்துக்கே திருப்பிவிட நான்கு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நாளில் மொத்தம் ஐந்து முறை அழைத்தார். ஒரு உரையைக்கூட அவர் முழுதாகக் கேட்கவில்லை. அடுத்த முறை அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.